பேசும் நாற்காலி

"அண்ணே, கொஞ்சம் சிரிச்ச முகமா சொல்லுங்க. 'வா கண்ணு, இப்படி வந்து உட்காரு.' அவ்வளவுதானே!"

மேனேஜரம்மா ரெக்கார்டரை மறுபடியும் தட்டிவிட்டார். எதிரே உட்கார்ந்திருந்த மிமிக்ரிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வா... கண்ணு..."

குரல் யாருடையதோ போலக் கரகரத்தது.

மேனேஜரம்மாவுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. சிறுவர் கதைகள் எழுதிப் பேர் வாங்கிய பெரியவர் வாழ்ந்த வீடு அது. நினைவில்லம் ஆனதிலிருந்து கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பேனா, ஒரு மூக்குக்கண்ணாடி. வருகிற பிள்ளைகள் கொட்டாவி விட்டுவிட்டு வெளியே ஓடின. அதற்குத்தான் இந்த ஏற்பாடு. பெரியவரின் நாற்காலியில் பிள்ளை உட்கார்ந்ததும், பெரியவரே பேசுவது போலப் பதிவுசெய்த குரல் ஒலிக்க வேண்டும். இந்த மனிதரும், "அவர் குரல் எனக்கு வரும்" என்று தானாகத் தேடி வந்தவர்தான்.

"நாளைக்கு ஸ்கூல் பஸ் வருது. கூடவே கமிட்டிக்காரங்களும் வர்றாங்க. பிள்ளைங்களுக்குப் பிடிக்கலைன்னா வீட்டை ஓட்டலுக்கு விட்டுடுவாங்க. என் வேலையும் கோவிந்தா! காலையில குரல் காட்டினீங்களே, அதே மாதிரி சொல்லுங்கண்ணே!"

"எது, இதுவா?" அவர் நிமிர்ந்தார். "யார்ரா அது கதவுகிட்ட? எழுதிட்டிருக்கேன், தெரியல? ஓடு வெளியே! என் முகத்துலயே முழிக்காதே!"

ஜன்னல் அதிர்ந்தது. பெரியவர் காலத்திலிருந்தே இருக்கும் தோட்டக்காரர், வெளியே பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு விறைத்து நின்றார்.

"ஐயோ, அச்சு அசல்!" மேனேஜரம்மா கைதட்டினார். "எங்ககிட்ட அவரோட மேடைப் பேச்சு கேசட்டுதான் இருக்கு. அதுலகூட இப்படி இல்ல. திட்ட மட்டும் இவ்வளவு நல்லா வருதே, கொஞ்ச வராதா?"

அவர் மறுபடி வாயைத் திறந்தார். "வா..." என்பதற்கு மேல் வரவில்லை. கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"விட்டுடுங்க மேடம். என்னால முடியல."

மேனேஜரம்மாவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"கடைசி நேரத்துல கழுத்தறுக்கிறீங்களே! ஊர்ப் பிள்ளைங்களை எல்லாம் மடியில வச்சுக் கதை சொன்ன மனுஷன். அந்தக் குரல் எப்படி இருந்திருக்கும்னு கொஞ்சம் நினைச்சுத்தான் பாருங்களேன்!"

"சின்ன வயசுலேருந்து நினைச்சுப் பார்த்துட்டுத்தான் இருக்கேன்," என்றார் அவர். "காதுல விழுந்ததைத்தானே மேடம் திருப்பிச் சொல்ல முடியும்? அப்பா என்னை ஒருநாள்கூட அப்படிக் கூப்பிட்டதில்லையே."