சிலந்திப் பேராசிரியரின் அறை

தாவரவியல் துறையில் துடைப்பத்துக்குத் தப்பி ஓடிவந்த சிலந்தி, விலங்கியல் பேராசிரியர் தணிகாசலத்தின் அறைக் கதவில் இருந்த பலகையைப் பார்த்து நின்றது. 'ஆராய்ச்சி ஆர்வம்: சிலந்திகள்' என்று எழுதியிருந்தது. அதற்கு எட்டுக் கண்களும் கலங்கிவிட்டன.

உள்ளே, மைக்ராஸ்கோப்பின் உறைக்குள் குடியிருந்த இன்னொரு சிலந்தி அதை வரவேற்றது. "வாங்க, வாங்க. இடம் நிறைய இருக்கு."

"மைக்ராஸ்கோப்புலயே வலை கட்டியிருக்கீங்களே, அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

"தொட்டாத்தானே சொல்றதுக்கு? என் பிள்ளைங்க எல்லாம் இதுலதான் பொறந்துச்சுங்க. அவரு பாட்டுக்கு நம்மளப் பத்திக் கட்டுரை எழுதிக்கிட்டு இருப்பாரு. தங்கமான மனுஷன்."

வந்த சிலந்தி நிம்மதியாக லென்ஸுக்குக் குறுக்கே தன் முதல் இழையைக் கட்டியது.

மறுநாள், பேராசிரியரின் ஆராய்ச்சியைப் பார்வையிட ஒரு குழு வருவதாகத் தகவல் வந்தது. அவர் அவசரமாக மைக்ராஸ்கோப்பின் உறையை நீக்கினார். இரண்டு சிலந்திகளும் ஆளுக்கொரு காலைத் தூக்கி வணக்கம் வைத்தன.

அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு அட்டெண்டரைக் கூப்பிட்டார்.

"துடைப்பத்தை எடுத்துட்டு வாப்பா. சிலந்தி ஆராய்ச்சி நடக்கிற இடம் மாதிரியா இருக்கு இது? ஒரே ஒட்டடை!"