இருநூறு ‘ஆம்’

"கூவம் கரை ஜனங்க விரும்பித்தான் இடம் மாறினாங்கன்னு இருபது வருஷம் முன்னாடியே நான் நிரூபிச்சாச்சு. இருநூறு வீடு, இருநூறு ‘ஆம்’. இல்லேங்கறதுக்கு நீ யாரும்மா?"

அடையாறு கருத்தரங்கில் பேராசிரியர் கோதண்டபாணி சீறினார். அவர் தலையசைத்தால்தான் செண்பகத்தின் முனைவர் பட்ட ஆய்வு தொடரும். இருந்தும் விலையை இறக்காத மீன்காரியாக அவள் நின்றாள்.

"அந்த இருநூறும் தப்பு சார்."

"ஆதாரம்?"

அவருடைய புத்தகத்தைப் பிரித்து, பின்னிணைப்பில் அச்சாகியிருந்த படிவங்களைக் காட்டினாள். "எல்லா டிக்குக்கும் வால் இடப்பக்கம் திரும்பியிருக்கு, பாருங்க."

"அதனால?"

செண்பகம் இடக்கையால் பலகையில் ஒரு டிக் போட்டாள். அதன் வாலும் இடப்பக்கமே திரும்பியது.

"கணக்கெடுக்க வந்த உங்க ஆளு, நாறுதுன்னு சந்துக்குள்ளயே வரல சார். டீக்கடையில குந்திக்கினு, எழுதத் தெரிஞ்ச அஞ்சாங்கிளாஸ் பொண்ணாண்ட படிவக் கட்டு மொத்தத்தையும் குடுத்துட்டாரு. ஒரு பிஸ்கட் பாக்கெட்டுக்கு இருநூறையும் நான்தான் போட்டேன். ‘ஆம்’ மொதல் கட்டத்துல இருந்துச்சு."

புத்தகத்தை மூடி அவரிடம் நீட்டினாள்.

"மொதல் கட்டத்துல ‘இல்லை’ இருந்திருந்தா, அதையும் நிரூபிச்சிருப்பீங்க சார்."