மாற்றும் உரிமை

"நம்ம சாஃப்ட்வேரோட ஏபிஐ வாசல் வழியா செட்டிங்கை யாரும் படிக்கலாம் மச்சான். மாத்துற உரிமை அதோட சொந்தக்காரருக்கு மட்டும்தான். ஓட்டையே கிடையாது," என்று கோகிலன் தன் டிசைனை சுகுமாரனுக்கு விளக்கினான்.

மலேசியாவின் ஈப்போ நகரில் ஹுசைன் அண்ணன் டீக்கடைதான் அவர்கள் ஆபீஸ். வழக்கமான தே தாரிக், நுரை பொங்க ஆற்றிய பால் டீ, இரண்டு கப் வந்தது. ஒரு வாய் குடித்த கோகிலன் முகம் சுளித்தான்.

"அண்ணே, சீனியே இல்லையே!"

"உங்க வீட்டுல போன் பண்ணி மாத்தச் சொன்னாங்க தம்பி. ரத்தத்துல சீனி ஏறிப்போச்சாமே."

"குமுதாவா? குடிக்கிறது நான். பழையபடி போடுங்க லா."

"அவங்க சொல்லட்டும், போடுறேன்."

விழுந்து விழுந்து சிரித்த சுகுமாரன் தன் கப்பை எடுத்துக் குடித்தான். சிரிப்பு நின்றது.

"அண்ணே, எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே!"

"உங்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னாங்க. இல்லாட்டி இவரு உங்க கப்பைப் பிடுங்கிக் குடிச்சிடுவாராம்."