துணியில் சுற்றிய பம்ப்

"திருட்டுப் பயலே! இது யார் வண்டிப் பம்ப்டா?"

பட்டறை வாசலில் கார்க்காரர் போட்ட சத்தத்தில், எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டவர்கள்கூட கிளிப்பை வாயில் கவ்வியபடி நின்றுவிட்டார்கள். தெருவில் கார் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் 'கார்க்காரர்' என்றால் இவர் ஒருவர்தான். அப்பா காலத்துக் காரைப் பெண்டாட்டியைவிட அக்கறையாகக் கவனிப்பவர்.

"சொல்லுடா! ஒரு வருஷமா என்ன கதை விட்டே? பெட்ரோல் இழுக்கிற பம்ப்ல உள் ரப்பர் கிழிஞ்சிடுச்சு, கம்பெனியே அதைச் செய்யறதை எப்பவோ நிறுத்திட்டான், ஊர் ஊராத் தேடறேன்னியே! நல்ல பம்ப் இங்க உன் அலமாரியில தூங்குது!"

மெக்கானிக் கையில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே நின்றான். துடைக்க ஒன்றும் மிச்சமில்லாதபோதும் துடைத்தான்.

எல்லாம் தண்ணீர் பாட்டிலால் வந்த வினை. கண்ணாடி வழக்கம்போல் சட்டைப்பையில் கிடக்க, கார்க்காரர் அலமாரிக்குள் கையை விட்டுத் துழாவியிருக்கிறார். பாட்டிலுக்குப் பதில் துணி மூட்டை தட்டுப்பட்டது. பிரித்து, விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். எப்போதோ அவர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் வழுக்கி விழுந்த கீறல் அப்படியே இருந்தது. கண்ணால் பார்ப்பதெல்லாம் கற்றுக்குட்டிகளுக்கு, இவருக்கு விரலே போதும் என்று கூட்டம் மெச்சிக்கொண்டது.

"உங்க பம்ப்தான் சார்," என்றான் மெக்கானிக், தரையைப் பார்த்து. "கழட்டினது நான்தான். தூக்கிப்போட மனசு வரலை. இனிமே தவமிருந்தாலும் கிடைக்காத சாமான்."

"கேட்டுக்கங்க! திருடினதுமில்லாம பத்திரமா வேற வெச்சிருந்தாராம். என் பிறந்தநாளுக்குக் குடுக்கலாம்னு இருந்தார் போல!"

கூட்டம் சிரித்ததும் கார்க்காரருக்குக் குரல் இன்னும் ஏறியது. "போன வருஷம் ரிவர்ஸ் எடுக்கையில குப்பைத் தொட்டி இடிச்சுப் பின்விளக்கு உடைஞ்சுது. அதை மாத்தத்தானே விட்டேன்? அன்னிக்குப் படுத்த வண்டி! வெறுத்துப்போய் இரும்பு விலைக்குத் தள்ளிடுவேன், நீ அமுக்கிடலாம்னு திட்டம்!"

உள்ளேயிருந்து மெக்கானிக்கின் மனைவி ஊன்றுகோலோடு வந்தாள். போன வருஷம் குழாயடியில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டவள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கணவன் தலையை ஆட்டியதும் அப்படியே நின்றுவிட்டாள்.

"நீயும் நல்லாக் கேட்டுக்கம்மா, உன் வீட்டுக்காரன் லட்சணத்தை!"

அதற்குள் கார்க்காரரின் மனைவி செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தாள். "என்னங்க, கத்தாதீங்க. ஆபரேஷன் பண்ணின நெஞ்சு. முதல்ல வீட்டுக்கு வாங்க." யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்காமல் அவரை இழுத்துக்கொண்டு போனாள். கோப்பை வென்றவர் மாதிரி பம்ப்பைத் தூக்கிப் பிடித்தபடியே போனார் அவர்.

திருடன் என்று பேர் வாங்கிய பட்டறைக்கு யார் வண்டி விடுவார்கள்? மாதம் முடிவதற்குள் மெக்கானிக் குடும்பம் ஊரைவிட்டே போய்விட்டது. 'குட்டு வெளிப்பட்டதும் கம்பி நீட்டிட்டான்' என்று தெரு தீர்ப்பெழுதியது. அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் கார்க்காரர் வாயைத் திறப்பார், அப்புறம் மூடிக்கொள்வார்.

அவருடைய மகள் கல்யாணமாகிப் போனதுகூட வாடகைக் காரில்தான். சொந்தக் கார் என்னாச்சு என்று நோண்டியவர்களிடம், "பார்ட்ஸ் கிடைக்கலை," என்றார். பம்ப் அவர் வீட்டுப் பரணில், அதே துணியில்.

தெருவுக்கு இன்றுவரை அது பிடிபடவில்லை. அன்று வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு மனைவி சொன்னது அவர் காதில் மட்டும்தானே விழுந்தது!

"பம்ப்பைக் கழட்டி ஒளிச்சு வைன்னு அந்தத் தம்பிகிட்ட கெஞ்சினது நான். அன்னிக்கு நீங்க இடிச்சது குப்பைத் தொட்டியை இல்லைங்க."