சிசிடிவி மேல் ஒரு புகார்

"பாத்ரூம் வாசல் வரைக்கும் பின்னாலயே வர்றாங்க, சார்."

கணக்குப் பிரிவு மேடம் இதைச் சொல்லவில்லை; எழுதிக் கொடுத்தாள். சொல்ல வாய் திறக்காது. மூன்று வாரத்துக்கு முன்னால்தான் அவள் கீழ்த்தாடையை அறுத்து, அரை விரல் அகலம் பின்னே தள்ளி, திருகு போட்டு முடுக்கியிருந்தார்கள். பல்லில் மேலும் கீழும் கம்பி. மேல் கம்பியையும் கீழ்க் கம்பியையும் சேர்த்துக் கட்டிய ரப்பர். ஆறு வாரம் அப்படியே இருக்க வேண்டும்.

வயது நாற்பத்தொன்று. அது போதாதா? வெறும் வாயை மென்றுகொண்டிருந்த ஆபீசுக்கு அவல் கிடைத்தது.

"இந்த வயசுல பல்லுக்குக் கம்பி. சினிமாவுல கூப்பிட்டிருக்காங்களோ?"

"மூஞ்சி பூசணிக்காயாட்டம் இருக்கு. அழகு உள்ள இருக்கு போல. வீக்கம் வடிஞ்சா வெளிய வரும்."

இருபது வருஷமாக முன்பல்லால் ஒரு பிஸ்கட்டைக்கூட அவள் கடித்ததில்லை. அதை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்ல வழியில்லை.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல்போனது தபால் பிரிவு அம்மாளைத்தான். யாருக்கு மாற்றல், யாருக்கு மெமோ என்று எல்லாம் முதலில் தெரிவது அவருக்கு. ஆபீஸ் வைத்த பெயர் சிசிடிவி.

மேடம் வேலைக்குத் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. மத்தியானம் ஊசி இல்லாத சிரிஞ்சில் சூப்பை உறிஞ்சி, கன்னத்து ஓரமாகச் சொட்டுச் சொட்டாக உள்ளே விடுவாள். பாதி உள்ளே போகும், பாதி தாடையில் வழியும். மரத்துப்போன தாடைக்கு வழிவதும் தெரியாது. மற்றவர்கள் நாகரிகமாக வேறு பக்கம் பார்ப்பார்கள். சிசிடிவி மட்டும் தன் டிபன் பாக்ஸைத் திறக்காமல், எதிரில் உட்கார்ந்து, கண் கொட்டாமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"என்ன மேடம், உங்க நிழல் எங்க?" என்று கேலி செய்தார்கள். "நிழலாவது மத்தியானம் சுருங்கும். இவங்க மத்தியானத்துலதான் நீளுறாங்க."

இவ்வளவும் அந்தப் புகாரில் இருந்தது. இரண்டு பக்கம். மேனேஜர் ரசித்துப் படித்தார். அவருக்கும் சிசிடிவி மேல் பாசம் கிடையாது. மேடத்தை எதிரில் உட்காரவைத்துக்கொண்டே சிசிடிவியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

தபால் பிரிவு அம்மாள் வந்து, நின்றபடியே புகாரைப் படித்தார்.

"கையெழுத்து முத்து முத்தா இருக்கு, சார்."

"அதை விடுங்க. உண்மையா இல்லையா?"

"உண்மைதான்."

"எதுக்கு இப்படிப் பண்றீங்க?"

தபால் பிரிவு அம்மாள் புகாரை மேஜையில் வைத்தார்.

"வாயில்லாத ஆளைப் பார்த்து வேடிக்கையா? நாளையிலேர்ந்து உங்களுக்கு நாலாவது மாடி, பழைய ரெக்கார்ட் ரூம். அங்க நீங்க கண்காணிக்கறதுக்குக் கரப்பான்பூச்சி நிறைய இருக்கு."

"போறேன் சார். ஒரு மூணு வாரம் தள்ளிப் போடுவீங்களா?"

"ஏன், சீரியல் பாதியில நிக்குதா?"

மேடம் கூடாது என்று வேகமாகத் தலையை ஆட்டினாள். பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கி, புகாரின் கீழே எழுதினாள்: 'இன்றைக்கே.'

"சரிம்மா, போயிடறேன்" என்றார் தபால் பிரிவு அம்மாள். கழுத்தில் மாட்டியிருந்த அடையாள அட்டையைக் கழற்றினார். அட்டைக்குப் பின்னால் ஒரு சின்னக் கத்தரிக்கோல் தொங்கியது. அதை அவிழ்த்து மேஜையில் வைத்தார். "இதை யார்கிட்ட குடுத்துட்டுப் போகட்டும், சார்?"

"இது எதுக்கு?"

"இவங்க லீவு லெட்டரோட டாக்டர் பேப்பர் ஒண்ணு இருக்கு. ரெண்டாம் பக்கம் பாருங்க."

மேடத்தின் லீவுக் கோப்பு மேஜையிலேயேதான் இருந்தது. மேனேஜர் எடுத்தார். 'படித்தேன்' என்று அவரே போட்ட கையெழுத்தைத் தாண்டி, முதல்முறையாகப் படித்தார்.

"தாடை கட்டப்பட்டிருக்கும் ஆறு வாரமும், வாந்தி வந்தால் நோயாளிக்கு மூச்சு அடைத்துவிடும். உடனே ரப்பரை வெட்டி வாயைத் திறக்க, கத்தரிக்கோலுடன் ஒருவர் எப்போதும் அருகில் இருக்க வேண்டும்."

மேடம் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். முதல் பக்கத்தில் இருந்த சாப்பாட்டுப் பட்டியலை மட்டும்தான் அவள் போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் ஏதோ கத்தரிக்கோல் என்றது ஞாபகம் இருந்தது. மயக்கம் தெளியாத காதில் அது ஏறவில்லை.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். இடித்துச் சொல்ல இன்னும் ஒரு குற்றம் மிச்சமிருந்தது.

"அடுத்தவங்க லெட்டரை நீங்க ஏன் படிச்சீங்க?"

"எல்லார் லெட்டரையும்தான் படிக்கறேன், சார். உங்களோடதையும்."

மேனேஜர் அந்த விசாரணையை அத்துடன் முடித்துக்கொண்டார்.

"சரி, படிச்சது படிச்சீங்க. அன்னிக்கே இவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. இப்படித் திட்டு வாங்கியிருக்க வேண்டாமே."

தபால் பிரிவு அம்மாள் மேடத்தைப் பார்த்தார். சட்டைக்குள் தோள் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"சொன்னா பயந்துடுவாங்க, சார். பயந்தவங்களுக்குச் சாப்பாடு இறங்காது. முதல் நாள் அரை டம்ளர்தான் குடிச்சாங்க. என் மேல இருந்த கோவத்துல, நேத்து ஒண்ணரை டம்ளர் குடிச்சாங்க."