சாம்பல் படிந்த வெள்ளை

“வெள்ளைக்குட்டி என்ரது மச்சான். லக்சனாவோட கதைச்ச கதை அப்பிடித்தான்.”

சப்பாத்தைக் கழற்றும் முன்பே பானுஜன் இதைச் சொன்னான். கையில், மூடியில் துளை போட்ட வெறும் பிளாஸ்டிக் பெட்டி.

கீர்த்தனன் அன்று காலை ஆறு மணிக்கு எழுந்திருந்தான். கோப்பி போட்டான். குடித்தான். மனைவி லக்சனாவின் பாம்பு அறைக்குப் போய் வெப்பமானியைப் பார்த்தான். முப்பத்தொரு பாகை. எல்லாம் பயந்தால் பந்து போலச் சுருண்டுவிடும் ஆபிரிக்க மலைப்பாம்புகள். விஷமில்லை. தண்ணீர்க் கிண்ணங்களை நீண்ட இடுக்கியால் எடுத்து, கழுவி, இடுக்கியாலேயே திரும்ப வைத்தான். லக்சனாவின் கொப்பியில் திகதி எழுதி, பக்கத்தில் ‘சரி’ என்று எழுதினான். அவள் போன நாளிலிருந்து ஒவ்வொரு காலையும் இதுதான். இன்று கொப்பியை மூடும்போது வாசல் மணி அடித்தது.

“முந்தநாள்தான் அவவின்ர முப்பத்தொண்டாம் நாள் அந்தியேட்டி முடிஞ்சது” என்றான் கீர்த்தனன். “அதுக்குள்ள பெட்டியோட வந்து நிக்கிறாய். வெக்கமா இல்லையோ உனக்கு?”

“கோவிக்காத. இன்டர்லாக்கன்ல இருந்து விடிய வெளிக்கிட்டனான். ஹோட்டல் குசினியில இண்டைக்கு மட்டும்தான் லீவு. என்ர ஆண் பாம்பை இரவல் தந்தனான் எல்லோ? அதுக்குப் பிறக்கிறதில முதல் தெரிவு எனக்கு. பாம்பு வளர்க்கிற எல்லாருக்கும் தெரிஞ்ச முறை.”

“ஒப்பந்தம், ஃபெர்ட்ராக் எண்டு ஏதும் எழுதினியோ?”

“லக்சனாவோட எனக்கென்ன ஃபெர்ட்ராக்?”

“அப்ப போ.”

பானுஜன் போகவில்லை. “ஆறு முட்டையில அஞ்சு மண்ணிறம், ஒண்டு வெள்ளை. தாயும் மண்ணிறம், தேப்பனும் மண்ணிறம். பிறகு வெள்ளை எங்கயிருந்து வந்தது? ரெண்டிலயும் தனித்தனிய இருக்கிற மரபணு ஒண்டாச் சேர்ந்தாத்தான் வெள்ளை. பாதி உங்கட தாய்ப் பாம்பு. மற்றப் பாதி என்ர ஆண், லெஸர் எண்டுற நிற வகை.”

“எனக்குப் பாடம் எடுக்காத. அவ தாயோட உன்ர லெஸரையும் சேர விட்டவ, எங்கட ஆண் மொஹாவேயையும் சேர விட்டவ. ரெண்டிட்டயும் அந்த மரபணு இருக்கு. உன்ரதுதான் எண்டு எந்த வாயால சொல்லுறாய்?”

கீர்த்தனன் கொப்பியை எடுத்து வந்து விரித்தான்.

“அவவின்ர எழுத்து. வாசி. தாய் மொஹாவே வகை. மொஹாவேயோட லெஸர் சேர்ந்தா, வெள்ளை பால் மாதிரி வரும். மொஹாவேயும் மொஹாவேயும் சேர்ந்தா, தலையில சாம்பல் படியும்.”

“எனக்கும் தெரியும். சரி, வெளிய எடு. பாப்பம்.”

“நீயே எடு. பிறகு நான் ஏதோ செய்துபோட்டன் எண்டுவாய்.”

கீர்த்தனன் கையைக் கட்டிக்கொண்டு அறை வாசலிலேயே நின்றான். பானுஜன் குட்டி இருந்த பெட்டியின் மூடியைத் திறந்தான்.

“உனக்கேன் மச்சான் இந்தக் கரைச்சல்? என்னட்டத் தந்தா நான் வடிவாப் பாப்பனே.”

“ஓம் ஓம். ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுததாம்.”

பானுஜன் நிமிர்ந்து பார்த்தான். “ஸ்பிட்டால் கட்டில்ல வைச்சு இதைப் பற்றி அவ ஒண்டும் சொல்லேல்லையோ?”

“வாயில மாஸ்க். மூச்சு எடுக்கவே ஏலாமக் கிடந்தவ. உன்ர பாம்புக்கதை கதைக்கிற நேரமோ அது?”

பானுஜன் தலையைக் குனிந்துகொண்டான். குட்டியை மெதுவாக எடுத்து யன்னலடிக்குக் கொண்டுபோனான். அது அவன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது. முதல் தோல் கழற்றி இரண்டு கிழமைதான். உடம்பு முழுக்க வெள்ளை. கண் நீலம். நெற்றியில் மட்டும், விபூதியைத் தொட்டு இழுத்தது போல மெல்லிய சாம்பல்.

பானுஜன் அதை வெளிச்சத்தில் அங்குமிங்கும் திருப்பினான். நெற்றியை விரலால் தடவிப் பார்த்தான்.

“என்ன, வாய் அடைச்சுப் போச்சோ?”

“சாம்பல்தான்.”

“சத்தமாச் சொல்லு.”

“சாம்பல்தான் மச்சான். உங்கட மொஹாவேக்குப் பிறந்தது. என்ரதில்லை.” பானுஜன் குட்டியை நீட்டினான். “மன்னிச்சுக்கொள். இந்தா, பிடி.”

கீர்த்தனன் கட்டிய கையை அவிழ்க்கவில்லை. “உள்ள வை. மூடிப்போட்டு வெளிக்கிடு. இனி இந்தப் படி ஏறாத.”

பானுஜன் குட்டியைப் பெட்டிக்குள் விட்டு மூடினான். தான் கொண்டுவந்த வெறும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, சப்பாத்தைச் சரியாகக்கூடப் போடாமல் படியிறங்கினான். கீர்த்தனனும் லக்சனாவும் சுவிஸின் சொலோதுர்ன் நகரத்துக்கு வந்த பிறகு அவர்கள் வீட்டுக்கு முதல் வந்த விருந்தாளி அவன்தான். கீர்த்தனன் கதவை அடித்துச் சாத்தினான். சுவர் அதிர்ந்தது. கோபம் இறங்கவில்லை.

அவன் அறைக்குத் திரும்பி வந்தான். வெள்ளைக்குட்டி தலையைத் தூக்கி, பெட்டியின் ஒளி ஊடுருவும் பக்கத்தில் மூக்கை வைத்து அவனையே பார்த்தது. கீர்த்தனன் இரண்டடி பின்னால் துள்ளினான். முதுகு சுவரில் மோதியது. கை தானாக இடுக்கியைத் தேடியது.

ஸ்பிட்டாலில் லக்சனா மாஸ்க்கை விலக்கி, சிரித்துக்கொண்டே கடைசியாகச் சொன்னது இதுதான்: “வெள்ளை வந்தா, எந்த ஆணுக்குப் பிறந்தாலும் பானுஜனே கொண்டுபோகட்டும். உங்களுக்குத்தான் பாம்பெண்டாலே கால் நடுங்குமேயப்பா.”