ஏழாம் எண்

தன் கீபோர்டின் முன் உட்கார்ந்தபடியே, பக்கத்திலிருந்த எப்சிபாவின் கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தான். சோதிப்பதற்காகத்தான்.

வயலின் ஒலி எழுந்து ஆலயத்தை நிறைத்தது.

தன் கீபோர்டின் பெடல் மேல் வைத்திருந்த கால் தற்செயலாகப் பின்னால் சாய்ந்தது.

வயலின் தேய்ந்து நின்றது.

கையை எடுக்கவில்லை. காலை முன்னால் அழுத்தினான்.

வயலின் திரும்பி வந்தது.

பாடகர் குழுவில் இன்னும் யாரும் வந்திருக்கவில்லை.

கீபோர்டிலிருந்து போவது ஒலி அல்ல, எண்கள். யார் கேட்டாலும் அரை மணி நேரம் விளக்குவான். ஒலியை அதிர வைக்கும் சக்கரத்துக்கு எண் ஒன்று. ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும் பெடலுக்கு அறுபத்துநான்கு. ஏழு என்றால் வால்யூம். எந்தத் தடத்துக்கு என்பதும் கூடவே போகும். இரண்டு கீபோர்டுகளுக்கும் ஒலி தருவது ஒரே பெட்டி. அதில் அவனுடைய பியானோ முதல் தடம். அவளுடைய வயலின் இரண்டாவது.

தன் கீபோர்டின் திரையைப் பார்த்தான்.

பெடல்: ஏழு. தடம்: எல்லாம்.

ஈஸ்டருக்குத் தனியாக வாசித்தபோது அவனே வைத்தது. இரண்டு ஒலிகளையும் ஒரே காலால் அடக்க வசதியாக இருந்தது. பிறகு மாற்றவில்லை.

போன ஞாயிறு, பாட்டின் நடுவில் வயலின் அடங்கிப்போனபோது, எல்லோர் முன்னாலும் எப்சிபாவிடம் கேட்டிருந்தான்.

"ஏம்மா, விரல்ல பலம் இல்லையா? வீட்டுல சோறு போடுதாங்களா இல்லையா?"

குழு சிரித்தது. அவளும் சிரிக்கப் பார்த்தாள்.

ஒரு பொத்தானை அழுத்தினான். 'எல்லாம்' என்பது 'ஒன்று' ஆயிற்று.

அவ்வளவுதான் வேலை. யாருக்கும் தெரியாது.

ஆறு மணிக்கு ஒத்திகை. வயலின் ஓரிடத்திலும் தேயவில்லை.

குழுவை நடத்தும் தியோடர் அண்ணன் அவனைப் பார்த்துக் கண்ணடித்தார். "பாத்தியாடே, ஒரு வார்த்த சொன்னாத்தான் பிள்ளைக்கு ரோசம் வருது."

எப்சிபா அவன் பக்கம் திரும்பினாள். வலது மணிக்கட்டில் துணிப்பட்டை சுற்றியிருந்தது.

"தெனமும் மூணு மணி நேரம் வாசிச்சேண்ணே. நீங்க சொன்னது சரிதான். பலமே இல்ல."

தலையசைத்தான்.

அடுத்த பாட்டுக்குத் தாள்கள் புரண்டன. தியோடர் அண்ணன் கையை உயர்த்தினார்.

அவன் எழுந்து நின்றான்.

"அண்ணே, ஒரு நிமிசம்."

உயர்ந்த கை இறங்கியது. முப்பது முகங்கள் அவன் பக்கம் திரும்பின.

மறுபடியும் தான்தான் எங்கோ தவறிவிட்டதுபோல், எப்சிபா மணிக்கட்டை மடியில் மறைத்துக்கொண்டாள்.